முன் டேபிளுக்கு மூன்று பேர்

கடலோர ஹோட்டலில் பாட்டுப் பாடிப் பிழைக்கிறவளுக்குச் சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, மீன் சுடும் அடுப்பின் புகை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது மட்டும் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். "இதென்னடா, பாட்டுக்காரி எடுத்ததும் புகையைப் பற்றிப் பேசுகிறாள்" என்று மற்றவர்கள் நினைக்கலாம். மைக்கைப் பிடித்து வயிறு வளர்க்கும் என் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் உடனே புரிந்துவிடும். நாம் பட்டதெல்லாம் ஒரே பாடுதானே!

நான் எஸ்தர். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வீடு. வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலங்களில் மாமல்லபுரத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ரெஸ்டாரண்டில் பாடுகிறேன். கீபோர்டையும் தாளத்தையும் டேவிட் அண்ணன் ஒருத்தரே சமாளிக்கிறார். அதற்கு முன்னால் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில், காருக்குள் ஓடுகிற ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் வேலை. அங்கே என்னோடு ஒரே லைனில் நின்றவர்கள்தான் கோமதி, புஷ்பா, நிர்மலா. ஹோட்டலில் குரல் பார்க்க வரச் சொன்ன அன்றைக்கு, சூப்பர்வைசர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு என் பங்கு வேலையையும் சேர்த்துக் கட்டி முடித்தது இவர்கள் மூன்று பேரும்தான். "மாசச் சம்பளத்த வுட்டுட்டு பாட்டு பாடப் போறாளாம், கொழுப்பு" என்று எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஏசியபோது, "நீ போடி, நாங்க பாத்துக்கறோம்" என்று பிடித்துத் தள்ளியதும் இவர்கள்தான்.

கம்பெனி பஸ்ஸில் என் பாட்டைத் தினமும் கேட்டிருக்கிறார்கள். மைக்கில், கீபோர்டோடு, விளக்கு வெளிச்சத்தில் நின்று நான் பாடி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஹோட்டலில் சேர்ந்த அன்றே நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்த மூன்று பேரும் மேடைக்கு முன்னால் இருக்கிற டேபிளில் காசு கொடுக்கிற கஸ்டமர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும், நான் பாட வேண்டும். ரெண்டு வருஷம் ஓடிவிட்டது, நடக்கவில்லை. இதற்குள் நிர்மலாவுக்கு ஓசூரில் மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். அவள் அங்கே போய்விட்டால் மூன்று பேரையும் ஒரே நாளில் பிடிப்பது நடக்காத காரியம். இனி விட்டால் போச்சு என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். நடுவில் தொழில் கூத்தும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருமலுக்குக் கைதட்டல்

நான் பாட ஆரம்பித்த புதிது. எங்கள் மேடை கடல் பக்கம் இருக்கிறது. பொழுது சாய்கிற வரைக்கும் காற்று கடலிலிருந்து அடிக்கும். புகையெல்லாம் ரோட்டுப் பக்கம் போய்விடும். இருட்டி கொஞ்ச நேரத்தில் காற்று மாறும். அப்போது மீன், கோழி, எறா எல்லாவற்றின் புகையும் நேரே என் தொண்டைக்குத்தான் வரும். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. டேவிட் அண்ணனுக்குத் தெரியும், ஆனால் அவர் எதையும் கேட்டால்தான் சொல்வார்.

அன்றைக்கு ஒரு சோகப் பாட்டு. சரணத்தில் குரல் மேலே போய் நிற்கிற இடம். வாயைத் திறந்தேன் பாருங்கள், அடுப்பில் யாரோ எண்ணெயை ஊற்றியிருப்பார்கள் போல, குபீரென்று புகை. ரெண்டு இருமல் இருமிவிட்டேன், அதுவும் மைக்கில்! டேவிட் அண்ணன் சட்டென்று கீபோர்டில் ஒரு அழுகை வாசிப்பை எடுத்துவிட்டு மூடி மறைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் கைதட்டல் வந்தது. இந்த ஹோட்டலில் நான் வாங்கிய முதல் கைதட்டல் அதுதான். நண்பர்களோடு வந்திருந்த ஒரு ஆள், கண்ணெல்லாம் கலங்கி, மேடை வரைக்கும் எழுந்தே வந்துவிட்டார்.

"இந்தப் பாட்ட எல்லாரும்தான் பாடறாங்க. அந்த எடத்துல ரெண்டு இருமல் வெச்சீங்க பாருங்க, அதான் மேடம் ஃபீலிங்கு!"

மூன்று கார்த்திக்

சனிக்கிழமை என்றால் கேளம்பாக்கம் பக்கத்து ஃபிளாட்டுகளில் இருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வரும். கூட்டத்துக்கு ஒரு பிறந்தநாள் நிச்சயம். கேக் வெளியே வருகிறபோது விளக்கை அணைப்பார்கள். நான் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் அங்கேயே கழுத்தைத் திருகிவிட்டுப் பிறந்தநாள் பாட்டுக்குத் தாவ வேண்டும். இது ஹோட்டல் சட்டம். பெயரை மட்டும் சர்வர் சேகர் அண்ணன் வந்து காதில் சொல்லுவார்.

ஒருநாள் "கார்த்திக்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் நீட்டி முழக்கி, "ஹேப்பி பர்த்டே கார்த்திக்" என்று இழுத்தேன். இருட்டில் மூன்று டேபிளில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். மூன்று பேருக்கும் அவரவர் கூட்டம் விசில் அடிக்கிறது. கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்த சேகர் அண்ணன் பாவம், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், பக்கத்தில் நின்ற கார்த்திக்கிடம் கொடுத்துவிட்டார். அவர் ஊதினார், வெட்டினார், நாலு பேருக்கு ஊட்டியும் விட்டார். விளக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது, பிறந்தநாள்காரர் கடைசி டேபிளில் வாயைப் பிளந்தபடி நிற்கிறார். மேனேஜர் ஓடி வந்து, "சார், இது உங்க கேக் இல்லையே, நீங்க ஏன் சார் வெட்டினீங்க?" என்று கேட்டார். முகத்தில் க்ரீமோடு அந்தக் கார்த்திக் சொன்ன பதில் இது.

"என் பொறந்தநாள் தை மாசம்தான் சார். ஆனா பேரச் சொல்லி இவ்ளோ பேரு கை தட்டறப்போ எப்படி சார் உக்காந்துகினு இருக்கறது?"

சல்யூட்

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருஷமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தேன். சும்மா சொல்லவில்லை, நச்சரித்து, கெஞ்சி, கடைசியில் கோமதியிடம் சண்டையே போட்டு வரச் சொன்னேன். திருக்கழுக்குன்றத்தில் மூன்று பேரும் ஒன்று கூடி, பஸ் பிடித்து, இறங்கி, ஹோட்டல் வாசல் வரைக்கும் வந்தும்விட்டார்கள். நான் உள்ளே பாடிக்கொண்டே வாசலைப் பார்க்கிறேன், பார்க்கிறேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒருத்தியையும் காணோம். போன் பண்ணினால் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் புஷ்பா வீட்டுக்கே போய்விட்டேன். புஷ்பா எங்கள் நாலு பேரில் பயந்த சுபாவம். கம்பெனியில் சூப்பர்வைசர் பக்கத்து லைனில் கத்தினாலே இவள் பிடித்திருக்கிற ஒயர் கீழே விழுந்துவிடும். என்னைப் பார்த்ததும் அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அது கேஸ் அடுப்பு. "இன்னாடி ஆச்சு, வாசல் வரைக்கும் வந்துட்டு எங்கடி போய்த் தொலைஞ்சீங்க?" என்று பிடித்து உலுக்கினேன். கடற்கரையில் போய் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, அலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாராவது உள்ளே விடமாட்டேன் என்றார்களா, ஏதாவது பேசினார்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லடி. வாசல்ல மீசை வெச்சிக்கினு ஒரு ஆளு நின்னுகினு இருந்தாரு இல்ல, அவரு எங்களப் பாத்து விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சாரு. நம்மளப் போயி யாருடி சல்யூட் அடிப்பாங்க? பயந்து போயி திரும்பிட்டோம்."

மைக்கைத் தராத மாப்பிள்ளை

வாசலோடு திரும்புகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், மேடையை விட்டு இறங்காதவர்கள் இன்னொரு பக்கம். காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள் முடி நரைத்த பிறகு குடும்பத்தோடு கூடுவார்கள் இல்லையா, அப்படி ஒரு பெரிய டேபிள். சாப்பாடு வருவதற்குள் அதில் ஒருத்தரை, "மாப்ள, போய்ப் பாடுடா" என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள். இந்த "மாப்ள, பாடுடா" என்கிற வார்த்தை இருக்கிறதே, அது நம் தொழிலுக்குப் பிடித்த சனி. வந்தார். மைக்கைக் கேட்டார். ஒரு பாட்டுதானே என்று கொடுத்தேன்.

ஒன்று ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. பாட்டுக்கு வரி தெரியாத இடத்தில் முனகலைப் போட்டு நிரப்பினார். கையை நீட்டினால் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்! டேவிட் அண்ணன் மெதுவாக மைக் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரேயடியாக நிறுத்திவிட்டார். மனிதர் கவலையே படவில்லை. வெறும் வாயிலேயே கடைசி டேபிள் வரைக்கும் கேட்கிற மாதிரி பாடினார். வேறு வழியில்லாமல் அவர் மனைவியிடம் போனேன். அந்த அம்மா நிதானமாக நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தார். "மேடம், நீங்க கொஞ்சம் கூப்பிட்டா சார் இறங்கிடுவாரு" என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இங்கயே பாடி முடிச்சிரட்டும்மா. இல்லன்னா தாம்பரம் தாண்டற வரைக்கும் கார்ல என் காதுகிட்டதான் பாடுவாரு."

போனில் கேட்ட குரல்

நிர்மலா கல்யாணத்துக்குத் தேதி குறித்ததும், மேனேஜரிடமே நேராகப் போய்க் கேட்டேன். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஹோட்டல் என்றால் டேபிள், டேபிள் என்றால் பில், அவ்வளவுதான். "சார், என் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரு சனிக்கிழமை வராங்க. மத்தவங்க மாதிரி பில்லு கட்டித்தான் சாப்பிடப் போறாங்க. முன் டேபிள் வேணும்" என்றேன். ஸ்டாஃப்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன் டேபிள் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். பின்னால், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டுக் கொடுக்கிறாராம். அங்கே உட்கார்ந்தால் நான் தெரியமாட்டேன். குழாய்தான் தெரியும். குழாயைப் பார்க்கவா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறார்கள்? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் கோமதி வீட்டுக்குப் போய், அவள் போனை வாங்கி, ஹோட்டலுக்கு நானே போட்டேன். குரலைக்கூட மாற்றவில்லை. மாற்றத்தான் நினைத்தேன், எடுத்ததும் மறந்துவிட்டது. "சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டேபிள் வேணும். மேடைக்கு நேர் முன்னாடி. கோமதின்னு போட்டுக்குங்க, மூணு பேரு" என்றேன். எடுத்தது மேனேஜர்தான். வாரத்துக்கு மூன்று நாள், ரெண்டு வருஷமாக, பத்தடி தூரத்தில் நின்று நான் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர். இந்தப் பக்கம் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவர் டேபிளைப் பதிந்துகொண்டு, நன்றி சொல்லி, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம், உங்க வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்கு. எங்க ஹோட்டல்ல பாடறதுக்கு நல்ல ஆள் கிடைக்கறதே இல்ல, நீங்க பாடுவீங்களா?"

அம்மாவின் நிபந்தனை

டேபிள் கிடைத்துவிட்டது. ஆட்கள் வர வேண்டுமே! புஷ்பாவுக்கு ஆயிரம் சந்தேகம். ஸ்பூனில்தான் சாப்பிட வேண்டுமா, கையால் தின்றால் எழுப்பிவிடுவார்களா, கம்பெனி சுடிதாரில் வரலாமா? "கையால துன்னு, காலால துன்னு, வந்து சேரு" என்று கோமதி அவள் வாயை அடைத்தாள். கோமதி அப்படித்தான். லைனில் மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் அதட்டியே ஓட வைத்துவிடுவாள். கொழுந்தனார் ஆட்டோவைப் போக வரப் பேசியும் வைத்துவிட்டாள்.

நிர்மலா விஷயம்தான் இடித்தது. கல்யாணம் நிச்சயமான பெண்ணை இருட்டின பிறகு ஹோட்டலுக்கு அனுப்புவதா என்று அவள் அம்மா ஒற்றைக் காலில் நின்றார். திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். ஒருமுறை போனால் காபி கொடுத்து அனுப்பினார். மறுமுறையும் காபி. மூன்றாம் முறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், காபி வேண்டாம், பதில் வேண்டும் என்று. "அத்தை, அவ இல்லன்னா நான் இன்னைக்கும் அந்த லைன்லதான் ஒயர் கட்டிகினு இருப்பேன். எனக்காக ஒரு நாள் அனுப்புங்க. கோமதி கூட்டிகினு வந்து வூட்ல விடுவா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா பெருமூச்சு விட்டார்.

"சரி, போவட்டும். ஆனா ஒண்ணு. அங்க புடிக்கற போட்டோ ஒண்ணுகூட ஓசூர் வரைக்கும் போவக் கூடாது, சொல்லிட்டேன்."

ஆறிப்போன வஞ்சிரம்

சனிக்கிழமை. விளக்குப் போடுவதற்கு முன்னாலேயே மேடைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டேன், அந்த மீசைக்கார வாட்ச்மேன் பக்கத்தில். இந்தத் தடவை யார் திரும்பிப் போகிறார்கள் என்று பார்க்கிறேன்! ஆட்டோ வந்தது. வாட்ச்மேன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். புஷ்பா பின்வாங்கினாள். கோமதி பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மேனேஜர் கோமதியின் கரகரத்த குரலைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் முழித்தார். "போன்ல பேசினது நீங்கதானா மேடம்?" "ஆமா சார், இப்ப ஜலுப்பு."

சேகர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். வஞ்சிர வறுவல், எறா பிரியாணி, பரோட்டா, நண்டு என்று டேபிள் நிறைய ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். புஷ்பா முதல் கவளத்தை எடுத்து வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். அதே நேரம் நான் பாட ஆரம்பித்தேன். அவள் கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். மூன்று பேரும் சோற்றுக் கையைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். சரி, பல்லவி முடிந்ததும் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். சாப்பிடவில்லை. முதல் பாட்டு முடிந்தது. கைதட்ட முடியாமல் நிர்மலா இடது கையால் டேபிளைத் தட்டினாள். டேவிட் அண்ணன் வழக்கம்போல மூச்சு விடாமல் அடுத்த பாட்டை எடுத்தார். மறுபடி மூன்று கைகளும் மேலே.

சேகர் அண்ணன் போய், "இன்னாக்கா, சாப்பாடு சரியில்லியா?" என்று குசுகுசுத்தார். கோமதி அவரைப் பார்க்காமலேயே "உஷ்" என்றாள். அவர் பயந்துபோய் மேனேஜரைக் கூட்டிவந்தார். "வேற ஏதாவது மாத்தித் தரட்டுமா மேடம்?" அவருக்கும் அதே "உஷ்" கிடைத்தது. நான் மேலே நின்று எல்லாவற்றையும் பார்க்கிறேன். இந்த ஹோட்டலில் நான் எத்தனையோ பாட்டுப் பாடியிருக்கிறேன். ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் என் முகத்தைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை, அவர்கள் சாப்பிட வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஆனால் இப்படி மூன்று பேர் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மூன்றாவது பாட்டும் முடிந்தது. மீனுக்கு மேலே பறந்த ஆவி எப்போதோ நின்றுவிட்டது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, குனிந்து, "ஏய், துன்னுங்கடி, எல்லாம் ஆறிப் போவுது!" என்று பல்லைக் கடித்தேன். கோமதிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீ பாடிகினு கீற, நாங்க எப்படிடி துன்றது? நீ இன்னா ரேடியோவா?"

நாலாவது நாற்காலி

இந்தச் சங்கடத்தை மட்டும் நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. நான் பாடினால் இவர்கள் சாப்பிடமாட்டார்கள். பாடாவிட்டால் எதற்காக இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிவந்தேன்? நேரத்தோடு நிர்மலாவை வீட்டில் விட வேண்டும், ஆட்டோ வெளியே நிற்கிறது. பசியோடு திருப்பி அனுப்பினால் அந்த அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? டேவிட் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டால்தான் சொல்லும் மனிதர், அன்றைக்குக் கேட்காமலே சொன்னார்: "போம்மா, நான் தனியா வாசிக்கறேன்." மைக்கை மாட்டிவிட்டு இறங்கினேன். டேபிளில் நாலாவது நாற்காலியில் இவர்கள் கைப்பைகள் இருந்தன. அதையெல்லாம் எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து மூச்சுக்கூட விடவில்லை, மேனேஜர் வந்துவிட்டார். "எஸ்தர், கெஸ்ட் டேபிள்ல ஸ்டாஃப் உக்காரக் கூடாதுன்னு தெரியாதா? எழுந்திரிங்க." வேலை போய்விடுமோ என்று பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அப்புறம் வாழ்நாளெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன். "தெரியும் சார். நான் எழுந்து பாடப் போனா இவங்க தட்டுல கை வைக்க மாட்டாங்க. சாப்பாடு அப்படியே கிச்சனுக்குத் திரும்பி வரும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். கோமதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரை நேராகப் பார்த்தாள். "டேபிள் என் பேர்லதான கீது சார்? இந்தச் சேர்ல யார உக்கார வைக்கணும்னு நான்தான சொல்லணும்?" மேனேஜர் தொடாத தட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சேகர் அண்ணனைக் கூப்பிட்டு, வறுவலை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவரச் சொன்னார்.

சாப்பிட்டோம். எப்படிச் சாப்பிட்டோம் தெரியுமா! கம்பெனி கேன்டீனில் பெல் அடிப்பதற்குள் அள்ளிப் போட்டுக்கொள்வோமே, அந்த வேகம் கொஞ்ச நேரத்தில் தானாகக் குறைந்துவிட்டது. கோமதி நடுத்துண்டு மீனை என் தட்டில் வைத்தாள். நிர்மலா ஓசூர்க் குளிரைப் பற்றிப் பேசினாள், மாப்பிள்ளை போனில் அதிகம் பேசமாட்டேன் என்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டாள், திடீரென்று என் தோளில் சாய்ந்து, "அங்க யாருடி எனக்குப் பாடுவாங்க?" என்று அழுதாள். நாலு பேரும் அழுதோம். பக்கத்து டேபிள்காரர்கள் கார நண்டு என்று நினைத்திருப்பார்கள்.

தட்டெல்லாம் காலியானதும் மேலே ஏறினேன். நிர்மலா கேட்ட பாட்டு, கம்பெனி பஸ்ஸில் தினமும் கேட்டு வாங்குவாளே, அது. டேவிட் அண்ணன் சுருதியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார். ரெண்டாவது வரியில் இருக்கும்போது சேகர் அண்ணன் மூன்று கிண்ணத்தில் ஐஸ்கிரீமை ஏந்திக்கொண்டு அந்த டேபிளுக்குப் புறப்பட்டார். மேடையை ஒட்டி நின்றிருந்த மேனேஜர் கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்தார். கண் என் மேலேயே இருந்தது. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது.

"இப்ப கொண்டு போகாதய்யா. அந்தம்மா பாடி முடிக்கட்டும். இவங்க தொட மாட்டாங்க, உருகிடும்."

ஆகவே என் சக பாட்டுக்காரர்களே, உட்கார்ந்து ஒழுங்காகப் பாட்டுக் கேட்கிற ரசிகர்கள் ஒரு ஹோட்டலுக்கு ஒரு டேபிள் போதும், எல்லா டேபிளிலும் வந்து நிறைந்துவிட்டால் கடையை இழுத்து மூடிவிட்டு நாம் திரும்பவும் ஒயர் கட்டத்தான் போக வேண்டும்.